பெயர்த்தெறிந்த பாதை

தன் வீட்டுக் கதவைத் தானே பெயர்த்து, விறகாக்கி, ஓரிரவு குளிர்காய்ந்தான் ஒருவன். பின்னர் அதே கதவைத் தச்சனிடம் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கி மாட்டினான். அவனை நாம் என்னென்போம்? பேதை என்போம், நகைப்போம், நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அதே செயலை ஒரு மாநகர் செய்தால்? செல்வத்திலும் அறிவியலிலும் உலகிற்கே வழிகாட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நாட்டின் பெருநகர் செய்தால்? அப்பொழுது நகைத்துவிட்டுப் போக முடியாது. ஏனெனில் அந்நகரின் நடையை நாகரிகம் என்று கருதி அடியொற்றிச் செல்லத் துடிக்கும் ஊர்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் நம் ஊர்களும் அடங்கும்.

அமெரிக்காவின் மேலைக் கடலோரம், கலிபோர்னியா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ளது இலாசு ஏஞ்சல்சு மாநகர். மகிழுந்துகளின் தலைநகர் என்று இன்று உலகம் அறியும் அவ்வூரில், ஒரு காலத்தில் சிவப்பு வண்ணம் பூசிய மின்தொடர்வண்டிகள் ஓடின. நடுநகரிலிருந்து கடற்கரைக்கும், மலையடிவாரத்திற்கும், கிச்சிலித் தோப்புகளுக்கிடையே அமைந்த சிற்றூர்களுக்கும் அவை மக்களைச் சுமந்து சென்றன. பசிபிக்கு மின்தொடர்வண்டிக் குழுமம் என்பது அவற்றை ஓட்டிய நிறுவனத்தின் பெயர். ஆயிரம் கல்லுக்கும் மேற்பட்ட தண்டவாளம் அதற்கிருந்தது. ஊர்களை இணைக்கும் மின்தொடர்வண்டி அமைப்புகளுள் உலகிலேயே பெரியது அதுதான் என்று அந்நாளில் பெயர்பெற்றது. அதன் எஞ்சிய கடைசித் தடமான இலாசு ஏஞ்சல்சு-இலாங்குபீச்சு வழி, 1961 ஏப்பிரல் 9-ஆம் நாளோடு நின்றது. நகரின் உள்தெருக்களில் வேறொரு நிறுவனம் தொடங்கி நடத்திய மஞ்சள் வண்டிகளும் 1963 மார்ச்சு 31-இல் நின்றன. அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள், அத்துணைப் பெரிய மாநகரில், நகர்ப் பயணத்திற்கென்று ஒரு தண்டவாளங்கூட இல்லை.

இவ்வழி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு மாண்டது என்பதை நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். மாண்ட கதையைப் பலர் சொல்கின்றனர். பிறந்த கதையைச் சிலரே சொல்கின்றனர். ஆனால் மாண்டதற்குரிய கரணியம் பிறப்பிலேயே இருந்தது.

1901-இல் இந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் என்றி அண்டிங்டன் என்னும் பெருஞ்செல்வர். சதர்ன் பசிபிக் என்னும் பெரிய இருப்புப்பாதைக் குழுமத்தை ஆண்ட காலிசு அண்டிங்டனின் அண்ணன் தம்பியர் வழி மகன் அவர். இலாங்குபீச்சுக்குப் போகும் முதல் தடம் 1902 சூலை 4-இல் திறக்கப்பெற்றது. மக்கள் அலுவலகம் செல்லவும் வீடு திரும்பவும் வழியின்றித் துன்புற்றனர், அவர் இரங்கி வழிசெய்தார் என்று கருதிவிடாதீர்கள். அவர் தண்டவாளம் இட்ட இடங்களிற் பல, அன்று வெற்று வயல்கள். அவ்வயல்களை முன்னமே மலிந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தன, அவரும் அவர்தம் கூட்டாளிகளும் நடத்திய நிலக் குழுமங்கள். தண்டவாளம் போனது, வயல் மனையாயிற்று, மனை பொன்னாயிற்று. இலாங்குபீச்சின் மக்கள்தொகை 1900-இல் 2,252, 1910-இல் 17,809. இலாசு ஏஞ்சல்சு நகரோ அதே பத்தாண்டில் 1,02,479 என்பதிலிருந்து 3,19,198-ஆக வளர்ந்தது. தொடர்வண்டி மக்களை ஏற்றிச் செல்லும் ஊர்தியாக மட்டும் இருந்திலது. நிலத்தை விற்றுத்தரும் முகவனாகவும் இருந்தது. சீட்டுக் கட்டணத்தால் வந்த ஊதியம் சிறிது. மனை விற்று வந்த ஊதியமே பெரிது.

அத்தடத்தை இட்ட கைகளையும் மறத்தலாகாது. வெயிலில் மண்வெட்டிக் கட்டை பரப்பித் தண்டவாளம் சுமந்தோர் பெரும்பாலும் மெக்சிகோ நாட்டுக் கூலியாட்கள். 1903 ஏப்பிரலில், நகரத் திருவிழாவிற்கு முன்னதாகப் பணியை முடிக்க முதலாளி விரைந்துகொண்டிருந்த வேளையில், அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அண்டிங்டன் பணியவில்லை; வேற்றாட்களைக் கொண்டு வேலையை முடித்தார்; போராட்டம் முறிந்தது. அவ்வாறு தடமிட்ட தொழிலாளருட் பலர் குடியமர்ந்த இடங்களுள் ஒன்று, பல வழிகள் பிரியும் கூடலாக இருந்த வாட்சு என்னும் சிற்றூர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்க. மீண்டும் இதற்கு வருவோம்.

நிலம் விற்கும் வரையில் தண்டவாளம் முதலாளிக்குத் தேவைப்பட்டது. விற்று முடிந்தபின்? 1910, 1911-ஆம் ஆண்டுகளில் அண்டிங்டன் இம்மின்வழியைச் சதர்ன் பசிபிக் குழுமத்திடம் விட்டு விலகினார். அவர் திரட்டிய செல்வத்தால் அமைந்த நூலகமும் கலைக்கூடமும் சான் மரீனோவில் இன்றும் உள்ளன, அவை சிறந்தவையே. ஆனால் அவர் விட்டுச்சென்ற மின்வழிக்கு அன்றே நோய் பிடித்துவிட்டது. ஏனெனில், எந்த ஊதியத்திற்காக அவ்வழி இடப்பட்டதோ அந்த ஊதியம் தீர்ந்துபோயிற்று. எஞ்சியது மக்களின் பயணத் தேவை ஒன்றே. அத்தேவையோ குழுமத்தின் கணக்கேட்டில் 'இழப்பு' என்னும் தலைப்பின் கீழ் எழுதப்பெற்றது. புதிய உரிமையாளர்க்கு வருவாய் தந்தது சரக்கேற்றம். மாந்தரை ஏற்றுவது அவர்களுக்குச் சுமையாகப் பட்டது.

இந்நிலையில் மகிழுந்து வந்தது. நகரின் உள்பகுதியில் தொடர்வண்டியும் மகிழுந்தும் ஒரே தெருவில் ஓடவேண்டியிருந்தது. மகிழுந்துகள் பெருகப் பெருகத் தொடர்வண்டி ஊர்ந்தது. ஊர்ந்ததால் மக்கள் வெறுத்தனர். வெறுத்தவர்கள் தாமும் மகிழுந்து வாங்கினர். அதனால் தெரு மேலும் நெருங்கிற்று. இந்நச்சு வட்டத்தை அறுக்க 1925-இல் நடுநகரிலிருந்து ஏறத்தாழ ஒரு கல் நீளமுள்ள சுரங்கவழி ஒன்று அகழப்பட்டது. ஆலிவுட்டுப் பக்கம் போகும் வண்டிகள் தெரு நெருக்கடியைத் தவிர்த்து அதன் வழியே விரைந்தன. நல்ல தொடக்கம், ஆயினும் அதனைத் தொடர்வாரில்லை. எஞ்சிய வண்டிகள் தெருவிலேயே திணறின.

இங்கே ஓர் ஓரவஞ்சனையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தொடர்வண்டி தன் தடத்தைத் தானே செப்பனிட்டுக்கொள்ள வேண்டும். தன் நிலத்திற்குத் தானே வரி கட்ட வேண்டும். கட்டணத்தை உயர்த்தவோ அரசின் ஒப்புதல் பெறவேண்டும். மகிழுந்துக்கோ அரசே சாலை இட்டுத் தந்தது. 1947-இல் கலிபோர்னிய அரசு எரியெண்ணெய் வரியை உயர்த்தி, அத்தொகையைக் கொண்டு விரைவுச் சாலைகளைக் கட்டச் சட்டம் இயற்றியது. 'சாலையால் அரசுக்கு இழப்பு' என்று எவரேனும் எழுதினரா? இல்லை. சாலைக்குச் செலவிட்டால் அது முன்னேற்றம். தண்டவாளத்திற்குச் செலவிட்டால் அது வீண்! ஒரே துலாக்கோலில் நிறுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும். இரண்டு துலாக்கோல்கள் வைத்திருந்தமையால், நிறுப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

கவெங்காக் கணவாயில் நடந்தது இதற்குக் கண்கூடான சான்று. 1940-இல் அக்கணவாயில் விரைவுச் சாலை திறக்கப்பெற்றபொழுது, அதன் நடுவே தொடர்வண்டிக்கும் இடம் விட்டிருந்தனர். இருபுறமும் மகிழுந்து, இடையே தொடர்வண்டி. இரண்டும் ஒன்றையொன்று இடறாமல் ஓடின. இதுவன்றோ செம்மையான திட்டம்! ஆனால் 1952-இல் அவ்வழித் தொடர்வண்டி நிறுத்தப்பட்டது; தண்டவாளம் பெயர்க்கப்பட்டது; அந்த இடத்தையும் சாலையே விழுங்கிற்று.

இவ்வீழ்ச்சிக்கு ஒரு சூழ்ச்சியே முழுக் கரணியம் என்று கூறும் கதை ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. மகிழுந்தும் பேருந்தும் செய்யும் செனரல் மோட்டார்சு, உருளிப்பட்டை செய்யும் பயர்சுட்டோன், கலிபோர்னிய எண்ணெய்க் குழுமம் முதலியன ஒன்றுகூடி, நேசனல் சிட்டி இலைன்சு என்னும் நிறுவனத்திற்குப் பணம் கொடுத்துப் பல ஊர்களின் தண்டவாள வண்டிகளை வாங்கச் செய்து, அவற்றைப் பேருந்துகளாக மாற்றின என்பது அக்கதை. இதில் உண்மை உண்டு. 1949-இல் சிகாகோ நகரின் நடுவண் வழக்குமன்றம், அந்நிறுவனங்கள் பேருந்து, எண்ணெய், உருளிப்பட்டை ஆகியவற்றின் விற்பனையைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ளக் கூட்டுச்சதி செய்தன என்று தீர்ப்பளித்தது. குழுமங்களுக்கு ஐயாயிரம் தாலர் தண்டம். அவற்றின் அலுவலர்களுக்கு ஆளுக்கு ஒரு தாலர் தண்டம்! ஒரு தாலர்! பெருமுதலாளியின் குற்றத்திற்கு எவ்வளவு விலை என்பதை உலகம் அன்று அறிந்துகொண்டது.

ஆயினும், உண்மையை விரும்புவோர் முழு உண்மையையும் விரும்புதல் வேண்டும். அந்நிறுவனத்தின் கைக்குப் போனவை இலாசு ஏஞ்சல்சின் மஞ்சள் வண்டிகள். ஊர்ப்புறம் சென்ற சிவப்பு வண்டிகள் அல்ல. சிவப்பு வண்டிகளின் பல தடங்கள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. உலகப் போரின்பொழுது எரியெண்ணெயும் உருளிப்பட்டையும் பங்கீட்டில் வந்தபோது, மக்கள் மீண்டும் சிவப்பு வண்டிகளில் நிரம்பி வழிந்தனர். அத்தேவை கண்டும் அவற்றைப் புதுப்பிப்பார் இலர். போர் முடிந்ததும் மூடும் பணி விரைந்தது. 1953-இல் பயணிகள் பிரிவு ஒரு பேருந்து நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1955 சூன் மாதத்தில் அச்சுரங்கவழியும் அடைக்கப்பட்டது. 1958-இல் எஞ்சியவை மாநிலச் சட்டத்தால் அமைந்த பொதுப் போக்குவரத்து ஆணையத்தின் கைக்கு வந்தன. மூன்றே ஆண்டுகளில் கடைசித் தடத்தை மூடியது எவர் என்று நினைக்கின்றீர்கள்? தனி முதலாளி அல்லர்; மக்கள் பெயரால் அமைந்த அந்த ஆணையமே!

இதனாற் பெறப்படுவது யாது? கொடியவன் ஒருவனைச் சுட்டிக்காட்டிவிட்டால் நமக்கு ஆறுதல் கிடைக்கிறது. நம் பொறுப்பு அகன்றுவிட்டதாகக் கருதிக்கொள்கின்றோம். கொடியவர்கள் இருந்தனர்; மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்துவைத்தவர்கள் யாவர்? பாதையை மக்களின் உடைமையாகக் கருதாது கணக்கேட்டின் ஒரு வரியாகக் கருதிய மனப்பாங்கு, முதலாளியிடமும் இருந்தது, அரசிடமும் இருந்தது, மகிழுந்து வாங்க வசதி பெற்ற நடுத்தர மக்களிடமும் இருந்தது. உடைமை கைமாறியது, நோக்கம் மாறவில்லை. ஆகவே முடிவும் மாறவில்லை.

எவர் இழந்தார்? மகிழுந்து உடையவன் இழக்கவில்லை. வாட்சு என்னும் ஊரை நினைவில் வைக்கச் சொன்னோம். 1926-இல் அது மாநகரோடு இணைக்கப்பட்டது. பின்னர்த் தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள், வேறிடங்களில் குடியிருக்க இடம் மறுக்கப்பட்டமையால், அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் நெருங்கி வாழ்ந்தனர். நான்கு தண்டவாள இணைகள் ஓடிய அக்கூடல் வழியாகத்தான் இலாங்குபீச்சுத் தடமும் சென்றது. 1961-இல் அது நின்றது. 1965 ஆகத்து மாதத்தில் அப்பகுதி ஆறு நாள் தீப்பற்றி எரிந்தது. 34 பேர் மாண்டனர். காவல்துறையின் கொடுமை, வேலையின்மை, குடியிருப்பில் காட்டப்பெற்ற நிறவேற்றுமை என்று அதற்குக் கரணியங்கள் பல. தொடர்வண்டி நின்றதால்தான் கலகம் மூண்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மாநில அரசு அமைத்த மெக்கோன் குழு, அப்பகுதி மக்கள் வேலைக்குச் சென்று வரப் போதிய பொதுப் போக்குவரத்து இல்லாமையும், உள்ள போக்குவரத்தின் செலவும் அவர்களை ஒடுக்கின என்று தன் அறிக்கையில் எழுதியது. உழைக்கக் கை இருந்தது. உழைப்பிடம் தொலைவில் இருந்தது. இடையே பாதை இல்லை. 1904-இல் கட்டப்பட்ட வாட்சு நிலையம் மட்டும் அந்நெருப்பிற் பிழைத்து நின்றது. நிலையம் இருந்தது, அதில் வந்து நிற்கத் தொடர்வண்டிதான் இல்லை.

கண்கெட்ட பின் ஞாயிற்று வணக்கம் என்பது நம் முதுமொழி. இலாசு ஏஞ்சல்சு மக்களுக்கும் கண் திறந்தது, காலம் கடந்து. புகைமூட்டம் நகரை மூச்சுத்திணற வைத்தது. விரைவுச் சாலைகளில் விரைவு இல்லாமற் போயிற்று. 1980-இல் மக்கள் வாக்களித்து, விற்பனைப் பொருள்களின் மேல் அரை விழுக்காட்டு வரியைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர், மீண்டும் தண்டவாளம் இடுவதற்காக! 1990 சூலை 14-இல் முதல் தடம் திறக்கப்பெற்றது. எங்கிருந்து எங்கே? இலாசு ஏஞ்சல்சிலிருந்து இலாங்குபீச்சுக்கு! 22 கல் நீளம், 87.7 கோடி தாலர் செலவு. 1961-இல் எந்த நிலத்தில் சிவப்பு வண்டியை நிறுத்தினார்களோ, பெரும்பாலும் அதே நிலத்தில் புது வண்டியை ஓட்டினார்கள். வாட்சு ஊருக்கு இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தொடர்வண்டி வந்தது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அத்தடத்தில் பயணிகள் வண்டி நின்றபின்னும் சரக்கு வண்டி ஓடியது. ஆகையால் நிலம் துண்டுபடாமல் இருந்தது. நிலம் இருந்தமையால் வழி மீண்டது. சாண்டா மோனிகாத் தடமும் அவ்வாறே. 1953-இல் பயணிகள் வண்டி நின்றது, நிலம் பிழைத்தது, 2016-இல் புதிய மின்தொடர்வண்டி கடற்கரை சேர்ந்தது. ஆனால் ஆலிவுட்டுச் சுரங்கவழிக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. அதனைக் குறுக்கே அறுத்து, 1970-களில் பொனவெஞ்சர் என்னும் வானுயர் விடுதியின் அடித்தளம் எழுந்தது. அகழ்ந்து வைத்திருந்த வழி, மீட்க முடியாதபடி அடைபட்டது. வண்டியை நிறுத்துவது ஒரு பிழை. நிறுத்திய வண்டியின் நிலத்தை விற்பது அதனினும் பெரும்பிழை. முன்னது திருத்தத்தக்கது; பின்னது திருந்தாதது.

அயலார் பேதைமையை எண்ணி நாம் பெருமிதங் கொள்ளற்கில்லை. சென்னையில் மின்திராம் வண்டிகள் 1895-இலேயே ஓடத்தொடங்கின. அண்டிங்டன் தம் குழுமத்தைத் தோற்றுவிப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர்! அவற்றை நடத்திய குழுமம் நொடித்து, 1953 ஏப்பிரலில் அவை நின்றன. மவுண்ட்டு சாலை என்று அன்று வழங்கிய அண்ணா சாலையின் மேல் ஓடிய தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. அதே சாலையின் அடியைக் குடைந்து, 2018-இல் நிலத்தடித் தொடர்வண்டி ஓடத்தொடங்கியது. திராம் வண்டியும் நிலத்தடி வண்டியும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும், மக்கள் கூட்டமாகச் செல்லும் சாலைக்குத் தண்டவாளம் தேவை என்னும் உண்மை ஒன்றுதான். அதனை மறந்திருந்த காலம் அறுபத்தைந்து ஆண்டு.

எனவே, பாதை என்பது யாருடைய உடைமை என்னும் வினாவை நாம் எழுப்புதல் வேண்டும். நாளை நம் ஊரில் ஒரு தடத்தை மூட வேண்டும் என்று எவரேனும் கணக்கேட்டை நீட்டினால், மூன்றை நாம் கேட்டாக வேண்டும். சாலைக்கும் இதே கணக்கைப் போட்டீர்களா என்பது ஒன்று. இவ்வண்டி நின்றால் நடந்தே போகவேண்டியவன் எவன், அவனைக் கேட்டீர்களா என்பது இரண்டு. வண்டி நின்றாலும் நிலம் மக்கள் உடைமையாகவே நிற்குமா என்பது மூன்று. இம்மூன்றிற்கும் விடை தாராதவரை ஒரு கட்டையும் பெயர்க்கவிடலாகாது.

மனை விற்பதற்காக இட்ட பாதை, மனை விற்றதும் மாண்டது. மக்கள் தமக்காகத் தம் வரியால் இட்ட பாதையும், மக்கள் விழிப்பாக இருக்கும் வரையில்தான் வாழும். பாதையைப் பெயர்ப்பதற்கு ஓரிரவு போதும். மீட்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும். அத்தலைமுறையின் உழைப்பை வீணாக்க நமக்கு உரிமை இல்லை. விழித்திருப்போம்!